அரபுத் தமிழ் ஏடுகள்

பழுதுபட்ட குர்ஆன் பிரதியைக் குப்பையில் எறிவது முஸ்லிம்களுக்கு மகா பாபம். தாள் இற்று, கட்டு அவிழ்ந்து, ஓதுவதற்கு உதவாமற்போன பிரதியைத் துணியிற் சுற்றிக் கால் படாத இடத்தில் புதைப்பார்கள். அல்லது ஓடும் நீரிலோ கடலிலோ பக்தியுடன் சேர்ப்பார்கள். இவ்வழக்கத்தைக் குறை கூற நாம் முன்வரவில்லை. இறைவன் வாக்கென்று கொண்ட எழுத்தை மதிக்கும் சமூகம் மதிக்கத்தக்க சமூகமே. ஆனால் இந்த மரியாதையே தமிழ் நாட்டுக் கல்விச் செல்வத்தின் ஒரு பகுதிக்கு யமனாக வாய்த்திருக்கிறது என்பதை நமது நேயர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

புதுக்கோட்டை ஜில்லாவின் கடற்கரையில் கோட்டைப்பட்டினம், ஜகதாப்பட்டினம், அம்மாபட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என்று வரிசையாக முஸ்லிம்கள் வாழும் ஊர்கள் இருக்கின்றன. பழைய வீடொன்றை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து ஒரு மரப்பெட்டி இறங்குகிறதென்று வைத்துக்கொள்வோம். உள்ளே அரபு எழுத்தில் எழுதிய காகிதக் கட்டுகள். பேரனுக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. வேதமென்று எண்ணிக் கண்களில் ஒற்றிக்கொண்டு பள்ளிவாசலில் ஒப்படைக்கிறான். அங்கிருந்து அவை மண்ணுக்குப் போகின்றன. அப்படிப் போனது வேதமாகவே இருக்கவேண்டுமென்பதில்லை. அவன் பாட்டனார் எழுதிவைத்த தமிழாகவும் இருக்கலாம்.

அரபு எழுத்தில் எழுதியதெல்லாம் அரபு பாஷையன்று. நம் கடற்கரை முஸ்லிம்களும் இலங்கை முஸ்லிம்களும் பல நூற்றாண்டுகளாகத் தமிழை அரபு எழுத்தில் எழுதி வந்தார்கள். இதனை அரபுத் தமிழ் என்றும் அர்வி என்றும் வழங்குவர். அரபு நெடுங்கணக்கில் 28 எழுத்துக்களே உண்டு. நமது ட, ண, ள, ழ, ப, ங, ஞ ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. எகர ஒகரங்களும் இல்லை. நம் முன்னோர் அதற்காகத் தமிழைச் சிதைக்கவில்லை. இருந்த எழுத்துக்களுக்கே புள்ளியும் குறியும் புதிதாகச் சேர்த்து, ழகரம் உள்படத் தமிழ் ஓசை முழுவதையும் அரபு எழுத்துக்குள் அடக்கினார்கள். பிற்காலத்தில் கல்லச்சு வந்தபோது இவ்வெழுத்திலேயே புஸ்தகங்களும் அச்சாயின. கீழக்கரையில் வாழ்ந்து, இமாமுல் அரூஸ் என்று போற்றப்பட்ட ஸையித் முகம்மது ஆலிம் ஸாஹிப் (1816–1898) அரபிலும் அரபுத் தமிழிலும் பல நூல்கள் இயற்றினார். குர்ஆன் ஓதுவதற்காக எழுத்துக் கற்ற பெண்மணி அதே எழுத்தறிவைக் கொண்டு தன் தாய்மொழி நூலையும் வாசிக்கலாம். சர்க்கார் பள்ளிக்கூடத்துப் படியே ஏறாத ஸ்திரீகள் இவ்வாறு நூல் படிக்கிறவர்களாக இருந்தார்கள். பெண் கல்வியைப்பற்றிப் பிரசங்கம் செய்யும் நம் சீர்திருத்தக்காரர்கள் இதனைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

இந்த ஏடுகளில் என்ன இருந்துவிடப்போகிறது, தொழுகை விதியும் திருமணச் சட்டமுந்தானே என்று சிலர் கேட்பர். கேட்கட்டும். முஸ்லிம்களின் வாரிசு உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தாய், தந்தை, மனைவி, இரண்டு குமாரர், மூன்று குமாரத்திகள் ஆகியோரை விட்டு இறக்கிறார். தந்தைக்கு ஆறிலொன்று, தாய்க்கு ஆறிலொன்று, மனைவிக்கு எட்டிலொன்று. மீதியை ஆண் ஒருவருக்குப் பெண் இருவரின் பங்கு என்ற விகிதத்தில் மக்களுக்குப் பிரிக்கவேண்டும். சொத்தை 168 கூறாக்கினாலன்றி இக்கணக்கு முடியாது. மனைவிக்கு 21, தாய் தந்தையருக்குத் தலைக்கு 28, குமாரருக்குத் தலைக்கு 26, குமாரத்திகளுக்குத் தலைக்கு 13. பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து இக்கணக்கைப் போட்டுத் தீர்ப்புச் சொன்ன ஆலிமைக் கணித சாஸ்திரியென்று நாம் கருதியதில்லை. ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல் குவாரிஸ்மி அல்ஜீப்ரா நூலை இயற்றியபோது, அதில் ஏறக்குறையப் பாதியை இந்தப் பாகப் பிரிவினைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். அந்த நூலின் பெயரிலிருந்தே அல்ஜீப்ரா என்ற சொல் பிறந்தது. தொழுகைக்கு வேளை குறிக்கச் சூரியனின் நிழலை அளக்கவேண்டும். திசை குறிக்கப் பூகோளம் அறியவேண்டும். மரக்கலம் ஓட்டிய மரக்காயருக்கு நட்சத்திரம் தெரியாமல் முடியாது. பாக்தாதில் சாஸ்திரமாக வளர்ந்தது நமது பட்டினங்களில் அன்றாட வாழ்க்கைக் காரியமாக வழங்கிற்று.

பாக்தாதைப் பற்றிப் பேச்செடுத்தபின் இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. அல் மன்சூர் கலீபாவின் காலத்தில் (754–775) நம் தேசத்திலிருந்து வானசாஸ்திரம் கற்ற பண்டிதர் ஒருவர் அங்கே சென்றார். அவர் கொண்டுபோன சித்தாந்தம் அரபில் 'ஸிந்துஹிந்து' எனப் பெயர் பெற்றது. ஹாரூன் அல் ரஷீதின் மந்திரிகளான பர்மகியரின் ஆதரவில் மங்கர் என்ற இந்திய வைத்தியர் ஸுச்ருதரின் வைத்திய நூலை அந்நாட்டார் பாஷையில் விளங்கவைத்தார். நமது பத்து இலக்கங்களும் அந்த வழியே சென்று ஐரோப்பாவை அடைந்தன. ஐரோப்பியர் அவற்றை அரபு எண்கள் என்றார்கள். அராபியரோ ஹிந்து எண்கள் என்றே எழுதிவைத்தார்கள். அவ்வாறே தாங்கள் கையாண்டு வளர்த்த வைத்தியத்துக்கு யூனானி, அதாவது யவனர் வைத்தியம், என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். யவனர் என்ற சொல் தமிழருக்குப் புதிதன்று. வாங்கிய கடனை மறைக்காமல் பெயரிலேயே பொறித்துவைக்கும் இந்தப் பெருந்தன்மையை நாம் எத்தனை முறை பாராட்டினாலும் தகும். கஜினி மகமூதின் படையெடுப்புக்கள் ஹிந்துக்களின் செழிப்பைப் பாழாக்கிக் கல்வியைத் தொலைதூரத்துக்கு ஓட்டிவிட்டன என்று ஒளிக்காமல் எழுதியவரும் முஸ்லிம் அறிஞரேயாவர். ஸம்ஸ்கிருதம் கற்று, சுமார் 1030இல் இந்தியாவைப்பற்றிப் பெருநூல் எழுதி முடித்த அல் பிரூனியையே சொல்லுகிறோம்.

பிரஸ்தாப விஷயத்துக்கு மிகவும் பொருந்துகிறவர் இன்னொருவர். இப்னு அல் நதீம் என்பவர் பாக்தாதில் புஸ்தக வியாபாரி. 987இல் அவர் அரபு மொழியில் அக்காலத்து வழங்கிய நூல்களையெல்லாம் ஆசிரியர் பெயருடன் வகைப்படுத்தி 'பிஹ்ரிஸ்த்' என்ற ஜாபிதாவைத் தொகுத்தார். 1258இல் மங்கோலியர் பாக்தாதைச் சூறையாடினார்கள். அவருடைய ஜாபிதாவில் கண்ட நூல்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. இருந்தன என்பதை உலகம் அறிவதே அந்த ஜாபிதாவினால்தான். நாம் மேலே சொன்ன மங்கரின் பெயரைக்கூட அவரே காப்பாற்றித் தந்தார்.

நிற்க. பக்தியினால் ஏடுகளை அழிப்பது முஸ்லிம்களின் தனிச் சொத்து என்று நம் ஹிந்து நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது, பழைய ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாக அங்கிருந்தவர் சொன்ன செய்தியை அவரே தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். ஆடிப் பெருக்கில் ஆற்றோடு விட்ட ஏடுகளுக்குக் கணக்கேது? அங்கே அக்கினி, இங்கே மண். ஐயருடைய உழைப்பால் தப்பியவை இன்று ஜகத்துக்கே பொதுவான சங்கநூல்களாக விளங்குகின்றன. அரபுத் தமிழுக்கு அத்தகைய ஐயர் ஒருவர் வாய்க்கவில்லை. இலங்கையறிஞர் ம. மு. உவைஸ் மதுரை காமராஜர் ஸர்வகலாசாலையில் அமர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றை விரிவாக எழுதினார். தைக்கா சுஐபு ஆலிம் 1993இல் அரபு, அரபுத் தமிழ், பார்ஸி நூல்களைப்பற்றி ஆங்கிலத்தில் பெருநூல் வெளியிட்டார். இவர்கள் வழிகாட்டினார்கள். வீடு வீடாகப் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் வேலை அவ்வவ்வூரார் செய்யவேண்டிய வேலை.

இந்த வேலைக்குப் புதுக்கோட்டையைவிடத் தகுந்த ஜில்லா வேறு எது? சிறிய சமஸ்தானமாக இருந்த காலத்திலேயே, 1910இல், இங்கே பொருட்காட்சிச்சாலை ஏற்பட்டது. 1929இல் சமஸ்தானத்தார் தங்கள் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுக்கள் 1,130ஐப் படித்துப் புஸ்தகமாக அச்சிட்டார்கள். குடுமியான்மலைப் பாறையில் ஏழாம் நூற்றாண்டில் ஸங்கீத சாஸ்திரம் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டது. அதன் அடியில் ஆடு மாடு மேய்த்தவர்களுக்கு அது எத்தனையோ தலைமுறை வெறும் கீறலாகவே இருந்தது. எழுத்தும் தெரிந்து இசையும் தெரிந்தவர் வந்த பிறகல்லவா அது சாஸ்திரமாயிற்று? அரபுத் தமிழின் கதியும் இதுவே. தமிழ்ப் புலவருக்கு எழுத்துத் தெரியாது. வெளிநாட்டு அரபுப் பண்டிதருக்கு மொழி தெரியாது. இரண்டும் தெரிந்த முதியோர் ஒவ்வொருவராகக் கண்மூடி வருகிறார்கள். கடற்கரை அந்நாளில் சமஸ்தானத்தைச் சேர்ந்ததன்று, தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்தது என்பது உண்மையே. 1948இல் சமஸ்தானம் இந்திய யூனியனில் ஐக்கியமாயிற்று. 1974இல் புதுக்கோட்டை தனி ஜில்லாவானபோது அறந்தாங்கிப் பக்கமும் கரையும் அதனுடன் சேர்ந்தன. கரை சேர்ந்தபோது கரையின் கல்வியும் சேர்ந்ததென்பதைப் புதுக்கோட்டையார் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

இரண்டு தரப்பிலிருந்து ஆட்சேபம் வருமென்பதை நாம் அறிவோம். தனித்தமிழ் அன்பர்கள், அரபுச் சொல் மலிந்த இந்நடை தமிழே அன்று என்பார்கள். ஜில்லா, தாலூகா, வக்கீல், வசூல், பாக்கி, தாக்கல், ஜப்தி, கஜானா என்னும் அரபு வழிச் சொற்களை நீக்கிவிட்டு ஒரு பழைய சர்க்கார் தஸ்தாவேஜைப் படித்துக் காட்டிய பிறகு அவர்கள் இந்த ஆட்சேபத்தைச் சொல்லலாம். முஸ்லிம்களில் ஒரு சாராரோ, பழைய ஏடுகளில் மார்க்கத்துக்கு ஒவ்வாத மூடநம்பிக்கைகளும் கலந்திருக்கின்றன, இப்போது நல்ல தமிழில் மார்க்க நூல்கள் வந்துவிட்டன, பழையன கழியட்டும் என்பார்கள். பா. தாவூத் ஷா முதலிய சீர்திருத்தக்காரர்கள் மார்க்கத்தை நல்ல தமிழில் எழுதப் பாடுபட்டது பெரிய தொண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் தவறான கொள்கையையும் படித்தல்லவா தவறென்று சொல்லவேண்டும்? படிக்காமலே புதைப்பது சீர்திருத்தமாகாது.

நாம் கேட்பது பெரிய காரியமன்று. கரையோர ஜமாஅத்துக்கள் ஒவ்வொன்றும், அரபு எழுத்திலுள்ள எந்தக் காகிதத்தையும் புதைக்குமுன் ஓர் ஆலிமிடம் காட்டி, வேதமா தமிழா என்று பிரிக்கச் செய்யட்டும். தமிழாயின் ஏடு வீட்டுக்காரரிடமே இருக்கட்டும். முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம்வரை படமெடுத்துக்கொண்டால் போதும். முன்பு மலேயாவுக்கும் பர்மாவுக்கும், இப்போது வளைகுடா நாடுகளுக்கும் சென்று பொருளீட்டும் இவ்வூர் இளைஞர்களின் சட்டைப் பையிலேயே அதற்கு வேண்டிய கருவி இருக்கிறது. படங்களின் பிரதி ஒன்று திருக்கோகர்ணத்துப் பொருட்காட்சிச்சாலைக்கும், அதே திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதிகள் தங்கள் சொந்தப் பொருளையும் உழைப்பையும் கொட்டி வளர்த்த ஞானாலயா நூல்நிலையத்துக்கும் போகட்டும். நூற்பெயர், எழுதியவர், ஊர், ஹிஜ்ரி வருஷம், பக்கம் என்று ஐந்து கலங்கள் கொண்ட ஜாபிதா ஒன்று தயாராகட்டும். காலேஜுகளில் தமிழ் எம்.ஏ. வகுப்பார் கிரந்தம் கற்பதுபோல் இவ்வெழுத்தையும் கற்கட்டும். தமிழ் தெரிந்தவனுக்கு இது சில வாரப் பாடம். வாசிக்கத் தெரிந்த பாட்டிமார் எங்கே இருக்கிறார்களோ அங்கே மாணாக்கர்கள் போய் உட்கார்ந்து, அவர்கள் வாய்விட்டு வாசிப்பதைப் பதிவு செய்யட்டும். பாட்டியின் குரலில் கேட்டால் விளங்காத அடியும் விளங்கும்.

கோட்டைப்பட்டினத்து ராவுத்தர் அப்பா தர்காவுக்கும் காட்டுபாவா பள்ளிவாசலுக்கும் ஹிந்துக்களும் முஸ்லிம்களுமாகத் திரளான ஜனங்கள் போய்வருகிறார்கள். கொடி, விளக்கு, கொட்டு முழக்கம் ஒன்றுக்கும் குறைவில்லை. அச்செலவில் நூற்றிலொரு பங்கை ஜாபிதா வேலைக்கு ஒதுக்கும்படி இரு சமூகத்துப் பெரியோரையும் கேட்டுக்கொள்கிறோம். வருகிற கந்தூரிக்குக் கொடியேறுமுன் கரையோரத்தில் ஒரு பெட்டியாவது திறக்கப்பட்டதென்ற செய்தி நமக்குக் கிட்டட்டும். அதிலுள்ள நூல்களின் பெயர்களை இப்பத்தியிலேயே பிரசுரிக்கக் காத்திருக்கிறோம்.