புதிய இசையும் பழகிய செவியும்

பழகிய பாட்டுக்குத் தலையசைக்கும் சபை, புதியது தொடங்கியதும் முகஞ்சுளிப்பதை எந்நாட்டிலும் நாம் காணலாம். 1913ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி பாரிஸ் நகரின் ஷான்ஸ் எலிஸே அரங்கில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும்.

அன்று முதலில் இடம்பெற்றது, யாவரும் அறிந்த ஷோப்பானின் இசைக்கமைந்த நடனம். அடுத்து வந்தது ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' என்னும் புத்தம்புதிய படைப்பு. அதிலே தாளம் அடிக்கடி மாறிற்று. சுரங்கள் ஒன்றோடொன்று மோதின. சபையில் நகைப்பும் கூச்சலும் எழுந்தன. வெறுத்தோரும் ஆதரித்தோரும் வாய்ச்சண்டையிட்டனர். ஆடுவோர்க்கு வாத்திய ஒலியே கேட்கவில்லை. எனினும் வாத்திய கோஷ்டியை நெறிப்படுத்திய பியேர் மொந்தோ கலங்காது இறுதிவரை நடத்தி முடித்தார்.

1914ஆம் ஆண்டு ஏப்ரிலில், அதே நகரில் அவரே அவ்விசையை நடனமின்றி வழங்கினார். இம்முறை சபையோர் ஆரவாரித்தனர். ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளிற் சுமந்து சென்றனர். இசை பழையதே, அதனைக் காதுகொடுத்துக் கேட்க இப்போதுதான் இடம் வாய்த்தது.

புதியதெல்லாம் சிறந்ததாகிவிடாது. ஆயினும் முழுவதும் கேட்ட பின்னரே தீர்ப்புக் கூறல் முறை. மாணவரே, கல்லூரி விழாவிலே தோழனொருவன் தானே இயற்றிய பாட்டைப் பாட முன்வந்தால், நீங்கள் கைதட்டாவிடினும் குற்றமில்லை. அவனைப் பாடி முடிக்கவேனும் விடுங்கள்.