குடிக்காதவர்களின் வேகம்



குடித்துவிட்டு ஓட்டியவரைப் பொலிஸ் பிடித்தால், "நம்மட ஊர்ப் பிரச்சினை இல்லை" என்று கடந்து போகிறோம். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்ற எல்லையை நாம் தாண்டுவதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஊருக்குள் மோட்டார் சைக்கிளுக்கு 50 கிலோமீற்றர்தான் என்பதும் சட்டம்தானே? நடுவே பேரீச்ச மரம் நிற்கும் காத்தான்குடி பிரதான வீதியில் நம் பிள்ளைகள் பறக்கிறார்கள். சிலர் என்னிடம் படித்தவர்கள்.

போன மாதம் ஓ.எல். கூட எழுதாத ஒரு மகன் மூத்தம்மா ஒருவரை மோதினான். அவ இன்னும் எழும்பி நடக்கவில்லை. ஏன் சாவி கொடுத்தீர்கள் என்று வாப்பாவிடம் கேட்டேன்.

"அவன் சிகரெட்டும் தொடமாட்டான் சேர்."

நான் கேட்டது அதுவல்ல.

வாப்பாமாரே, லைசன்ஸ் எடுக்கும்வரை சாவியை நீங்களே வைத்திருங்கள்.