அடுத்த வீட்டு மணப்பெண்ணின் ரவிக்கை

சென்ற இதழில் நண்பர் ஒருவர் செஞ்சிக்காரர்களுக்கு இலவச ஆலோசனை வழங்கியிருக்கிறார். வீட்டில் முட்டி தேய்ந்த பெரியவர் இருந்து, மாடிப்படிக்கு நாற்காலி லிஃப்ட் போட நினைத்தால், செகண்ட் ஹேண்ட் வாங்குங்கள். புதியது வாங்குவது பணக்கொழுப்பு என்கிறார். முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கூட்டலில் அவருக்குத் தப்பு வராது. எதைக் கூட்டுவது என்பதில்தான் வரும்.

அவருடைய முதல் ஆயுதம் கார். ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே புதுக் காரின் விலை இறங்குகிறதே, லிஃப்டும் அப்படித்தானே என்கிறார். அண்ணே, கார் எந்த ரோட்டிலும் ஓடும். திண்டிவனத்தில் வாங்கியதைத் திருவண்ணாமலையில் ஓட்டலாம். இந்த நாற்காலி ஓடுவது படியோரம் பதித்த ஒரு தண்டவாளத்தின் மேல். பெரும்பாலானவற்றில் அந்தத் தண்டவாளத்தின் பற்களைக் கடித்துக்கொண்டு ஒரு சின்னப் பல்சக்கரம் ஏறி இறங்குகிறது. படி நேராக இருந்தால் தண்டவாளமும் நேர். நீளம் அதிகமென்றால் வெட்டிக்கொள்ளலாம். படி திரும்பினால் கதை வேறு. வீட்டுக்கு வந்து படிப்படியாக அளவெடுத்து, அந்தப் படிக்கென்றே வளைத்துச் செய்வதுதான் வழக்கம். மொத்தச் செலவில் பெரிய துண்டு அதுதான். அடுத்த வீட்டு மணப்பெண்ணுக்குத் தைத்த ரவிக்கை பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்கி வந்து, முகூர்த்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள் என்று மகளிடம் சொல்வாரா நண்பர்?

நேர்ப்படி இந்த ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது? கீழே கடைக்கு வாடகை விட்டு மேலே குடியிருக்கும் வீடுகளை எண்ணிப் பார்க்கட்டும். மனை குறுகல். கொத்தனார் இடத்தை மிச்சம் பிடிக்க, திருப்பத்தில் லேண்டிங் விடாமல் முக்கோணமாக மூன்று படி போட்டுவிடுவார். எங்கள் வீட்டிலும் அதேதான். 17 படிகளில் எந்த இரண்டுக்கும் ஒரே உயரம் இல்லை. ஏறி ஏறி எங்கள் கால்களுக்கு அது மனப்பாடம், தண்டவாளத்துக்கு ஆகாது. சில வீடுகளில் படியே வெளியில், மழைக்கும் வெயிலுக்கும் திறந்து கிடக்கும். வீட்டுக்குள் ஓடிய பழைய மெஷினை அங்கே மாட்டினால் ஒரு ஐப்பசி தாங்குமா?

இரண்டாவதாக, இதில் இருப்பது ஒரு மோட்டார், ஒரு நாற்காலி, நம்மூர் காயில் கட்டுகிற ஆளே பார்த்துக்கொள்வார் என்கிறார். காயில் கட்டுகிறவரை நான் மதிக்கிறேன்; என் கிணற்று மோட்டாரை மூன்று முறை உயிர்ப்பித்தவர் அவர். ஆனால் இந்த நாற்காலியில் மோட்டாரைவிட முக்கியமானவை வேறு. கால் வைக்கும் பலகையின் ஓரத்தில் ஏதாவது தட்டினால் உடனே நிறுத்தும் சுவிட்சுகள். எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் சுவிட்ச். வேகம் மீறினால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் பிரேக். இவற்றுக்கெல்லாம் ஒரு போர்டு. அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டால் அந்தப் போர்டுக்கு எந்தக் கடைக்குப் போவது?

கற்பனையாகச் சொல்லவில்லை. நண்பர் எழுதுவதற்கு முன்பே, அம்மாவுக்காக நானும் பழையது தேடி அலைந்தவன். புதுச்சேரியில் ஒரு வீட்டில், பிரான்சிலிருந்து கொண்டுவந்து மாட்டிய நாற்காலி ஒன்று விலைக்கு இருந்தது. உட்கார்ந்திருந்தவர் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம். பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு, சோபாவில் கிடந்த தலையணையை எடுத்து நடுப்படியில் வைத்தேன். நாற்காலி வந்தது. தலையணையில் முட்டியது. நிற்கவில்லை, தலையணையை மடித்துத் தள்ளிக்கொண்டே இறங்கியது. குனிந்து பார்த்தால் கால்பலகைக்கு அடியில் இரண்டு ஒயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. சும்மா சும்மா நின்று தொல்லை கொடுத்ததாம், அதனால் ‘ரிப்பேர்’ செய்துவிட்டார்களாம். அந்தத் தலையணை இருந்த இடத்தில் என் பேத்தியின் கால் இருந்தால்? இதற்கு நண்பரின் பேரேட்டில் எந்தப் பக்கம்?

பேட்டரியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இந்த நாற்காலி பெரும்பாலும் கரண்டில் நேரடியாக ஓடுவதில்லை. பொதுவாக இரண்டு 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. கரண்ட் போனாலும் பெரியவர் நடுப்படியில் தொங்காமல் இருப்பது அதனால்தான். அவை சாதாரணமாக மூன்று முதல் ஐந்து வருடம் உழைக்கும். சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் அதற்குள்ளேயே செத்துவிடும். லெட் ஆசிட் பேட்டரிக்கு வெயிலும் பகை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் பழைய கணக்கு. சுற்றிலும் மொட்டைப் பாறை, இரவு எட்டு மணிக்கும் அனல் கக்கும் ஊர் நம்முடையது. சித்திரையில் இங்கே மாடிப்படிச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் எழுதியிருக்கலாம்.

பராமரிப்பே தேவையில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி வேறு. பழனி ரோப்காரை மாதத்தில் ஒரு நாள் நிறுத்திப் பார்க்கிறார்கள். வருடத்துக்கொரு முறை வாரக்கணக்கில் மூடி வேலை செய்கிறார்கள். வரிசை நிற்கும் கோயிலிலேயே அப்படியென்றால், ஒருவர் மட்டும் ஏறும் நாற்காலியை யார் பார்ப்பது என்று கேட்காமல் வாங்கலாமா?

பிறகு நம்மூர்ப் பெருமை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியை ஏறிய மண்ணில் பதினேழு படிக்கு மெஷினா என்று கேலி. 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை ஏறியதிலிருந்து ஊரில் பலருக்கு இந்த வியாதி. கோட்டையை ஒருமுறை சுற்றிப் பார்த்தவருக்கே தெரியும்: கல்யாண மகாலும், அரண்மனை இருந்த இடமும், குதிரை லாயமும், களஞ்சியமும் அடிவாரத்தில் இருக்கின்றன. ஆண்டவர்கள் அன்றாடம் புழங்கத் தரையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். உச்சி என்பது முற்றுகைக்கு. அந்த உச்சிக்கும் ஒரு பெரிய பிளவைத் தாண்டித்தான் போக வேண்டும். அதன் மேல் கிடந்தது ஒரு மரப்பாலம். எடுத்துவிட்டால் அத்தனை உயரம் ஏறி வந்தும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

நாற்காலி லிஃப்டிலும் அதுதான் ஆபத்தான இடம். கடைசிப் படியில் இருக்கை மாடித் தரைப் பக்கம் திரும்பி, ‘டக்’கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இறங்குகிறவருக்குப் பள்ளம் முதுகுப் பக்கம் போகும். பழையதில் அந்தப் பூட்டு தேய்ந்திருந்தால், எழுந்திருக்கக் கையூன்றும்போது இருக்கை நழுவித் திரும்பும். எண்பது வயதுக்காரர் எந்தப் பக்கம் சாய்வார் என்று நண்பர் யோசிக்கட்டும்.

பழையதே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. வீட்டுக்குள் நேர்ப்படி, விற்பவர் அதை மாட்டிய அதே ஏஜென்சி, சர்வீஸ் சீட்டுகள் கையில், பேட்டரி புதிது, மாட்டியபின் எடை வைத்து ஓட்டிக் காட்டி, எழுத்தில் வாரண்டி. இவ்வளவும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பணமே இல்லையென்றால் அதற்கும் வெட்கமில்லை, கட்டிலைக் கீழே இறக்கலாம். நாங்கள் அதைத்தான் முதலில் பார்த்தோம். கீழே வாடகைக்கு இருக்கும் கடைக்காரரின் ஒப்பந்தம் முடிய இரண்டு வருடம் இருந்தது. அதுவரை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் அம்மாவைச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நானும் என் மகனும் முன்னும் பின்னுமாகத் தூக்கி இறக்கினோம். முக்கோணப் படியில் அவர் இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். அதனால் டாக்டரைத் தவிர வேறு எதற்கும் கீழே வருவதில்லை என்று அவராகவே முடிவு செய்துவிட்டார்.

இனி நண்பரின் கடைசி வாதம். கட்டுரையின் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறார்: பெரியவர்கள் இதை எத்தனை வருடம் உபயோகிக்கப் போகிறார்கள், இரண்டோ மூன்றோ, அதற்கு எதற்குப் புதுசு? மற்றதெல்லாம் இந்த ஒரு வரிக்குப் போட்ட போர்வை. 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிரிஸ்பென் என்ற கார் வியாபாரி இப்படியொரு நாற்காலியைச் செய்தார். மாடியில் நோயாய்க் கிடந்த நண்பர் கீழே வந்து வீட்டாரோடு இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தாராம். எத்தனை வருடத்துக்கு என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. நம்மவர் கேட்கிறார். கேட்பவருக்கு வயது 68.

அம்மாவுக்கு 83. புதியதற்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. அளவெடுக்க வருகிற வியாழக்கிழமை ஆள் வருகிறார். நண்பரும் வரட்டும். அளவு நாடாவின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ளலாம். அந்த மூன்று வருடக் கணக்கை, விருப்பமிருந்தால், மாடியில் இருக்கும் அம்மாவிடம் அவரே நேரில் சொல்லிக்கொள்ளட்டும்.