அரிசி மது கலையாம்! பனங்கள் குற்றமாம்!

பளிங்குத் தரை! பட்டுத் திரை! சின்னஞ்சிறு பீங்கான் கிண்ணங்கள்! பெருநகர விடுதியிலே சீமான்கள் கூடிச் சாக்கே என்னும் ஜப்பானிய அரிசி மதுவைச் சுவை பார்க்கிறார்கள். முகர்கிறார்கள், துளி பருகுகிறார்கள், கண்மூடி வியக்கிறார்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை டெம்புரா! மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்ததை நம் பாட்டி பஜ்ஜி என்றாள், பாமரத்தி! இங்கே அதற்குப் பெயர் பண்பாடு.

அதே அந்திப்பொழுதில் சங்கரன்கோவில் வட்டாரத்துக் காட்டுக்கு வாருங்கள், தோழர்களே! காலிலே தளைநார், இடுப்பிலே பாளையரிவாள், மார்பெல்லாம் மரம் உரசிய காய்ப்பு. பனையேறி ஒருவன் உச்சியிலே நின்று பாளை சீவுகிறான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதனீர், அவன் உழைப்பாளி. சுண்ணாம்பு தடவாவிட்டால் காற்றிலுள்ள நொதி தானே வேலை செய்ய, இறங்குவது கள், அவன் குற்றவாளி! ஒரு விரல் சுண்ணாம்பு, உழைப்பாளிக்கும் குற்றவாளிக்கும் இடையே கோடு கிழிக்கிறது.

சாக்கே என்பது என்ன? அரிசியைத் தீட்டி, அவித்து, கோஜி என்னும் பூஞ்சையைத் தூவி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, நொதியால் அதைச் சாராயமாக்குகிறார்கள். உயர்ந்த வகைக்கு அரிசியில் சரிபாதியைத் தீட்டியே கழிப்பதும் உண்டு. திறமான தொழில்தான், மறுப்பவர் யார்? 2024 டிசம்பரில் யுனெஸ்கோ அக்கலையை மனிதகுல மரபுச் செல்வப் பட்டியலில் ஏற்றியது. ஆனால் அளவுகோலை எடுங்கள்! கள்ளிலே சாராயச்சத்து ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு. சாக்கேயில் 15. 2003 முதல் அரசே கடை வைத்து விற்கும் பிராந்தி, விஸ்கியிலோ 42.8! நூற்றுக்கு நாற்பத்திரண்டுக்கு விற்பனைச் சீட்டு, ஐந்துக்குக் கைவிலங்கு! இது எந்தக் கணக்கு?

கணக்கன்று, தோழர்களே, சாதி! பெரும்பாணாற்றுப்படை வீட்டிலே சமைத்த தோப்பி என்னும் நெற்கள்ளைச் சொல்கிறது. அதியமான் ஔவையோடு கள்ளைப் பகிர்ந்து உண்டதைப் புறநானூறு சொல்கிறது. அரசன் அருந்தியது எப்போது இழிவாயிற்று? இறக்குபவனை இழிந்தவன் என்று வருணதருமம் முத்திரை குத்தியபோது! கமுதிக் கோயிலுள் நுழைந்ததற்காக நாடார்கள் மீது தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. கள்ளிறக்கும் குலம், ஆகவே தீட்டு. அதுவே அன்றைய வாதம். மரமேறியவன் கை தீட்டு. மரத்தடியில் நின்று வரி வாங்கிய கை தூய்மை!

சங்கரன்கோவிலிலேயே இன்னொரு காட்சி காணீர்! கோயிலிலே புற்றுமண் தருகிறார்கள். பூசினால் தோல்நோய் தீருமாம். நீரில் கரைத்துக் குடிப்போரும் உண்டு. அந்த மண்ணை எந்த ஆய்வுக்கூடம் சோதித்தது? கேட்டால் நாத்திகன்! சோதிக்காத மண் பிரசாதம். சோதித்து அளவு சொல்லக்கூடிய பனஞ்சாறு குற்றம். செங்கோட்டையைத் தாண்டி மலைக்கப்பால் சென்றால் கேரளத்திலே அதே சாற்றுக்கு உரிமம். மலையேறினால் மாறிவிடுகிற குற்றமும் ஒரு குற்றமா?

ஜப்பானையும் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டா. அங்கும் உழவன் தன் வீட்டில் காய்ச்சிய கலங்கல் சாக்கேயை 1899-இல் அரசு தடை செய்தது. ஏன்? ஒழுக்கத்திற்காகவா? மதுவரிக்காக! பெண் காலடி பட்டால் சாக்கே கெட்டுவிடும் என்று ஆலைக்குள் நெடுங்காலம் பெண்களை விடவில்லை. தீட்டு அங்கும் கிமோனோ உடுத்தி உலவியது! ஆயினும் இன்று பெண்களே தலைமை வடிப்பாளராக விளங்குகிறார்கள். 2002-இல் சட்டம் திருத்தி, தோனோ போன்ற ஊர்களில் விருந்தில்லம் நடத்தும் உழவருக்கு அந்தக் கலங்கல் சாக்கேயை வடிக்க உரிமை தந்தார்கள். தவறு உணர்ந்து திருந்துவது அறிவு.

“குடியால் குடும்பம் அழியவில்லையா?” என்பீர்கள். அழிகிறது! குடிப்பழக்கத்துக்குக் கொடிபிடிக்க இதை எழுதவில்லை. கூலியைக் குடித்துவிட்டு வருபவனுக்காகக் காத்திருக்கும் தாயின் கண்ணீர் எந்தச் சுவைப்பு விழாவையும் விடக் கனமானது. 1921-இல் பெரியார் கள்ளுக்கடை மறியலுக்காகத் தம் தோப்பிலே ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அதே பெரியார் பிற்காலத்தில் அரசின் கட்டாய மதுவிலக்கைக் கடுமையாக எதிர்த்தார். பட்டறிவைப் பார்த்து முடிவை மாற்றியவர் அவர். நமக்கு அந்தத் துணிவு வேண்டாவா?

1987 முதல் கள்ளுக்குத் தடை. குடி ஒழிந்ததா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கள் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் குடியை ஒழிக்காத தடை பனையேறியின் பிழைப்பை மட்டும் ஒழித்தது என்பதை மறுப்பார் யார்? கலப்படம் வரும் என்கிறீர்களா? பாலிலும் கலப்படம் உண்டு; பசுவைச் சிறையில் அடைத்தோமா? ஆய்வாளரை அனுப்பினோம்!

ஆகவே கேட்கிறோம். குடி தீதென்றால் 42.8-க்கும் அதே தீர்ப்பு எழுதுக! அளவோடு அனுமதிப்பதென்றால் 5-க்கும் அதே நீதி வழங்குக! பனையேறிக்கு உரிமம் தருக, கூட்டுறவு தருக, ஏறக் கருவி தருக, விழுந்தால் காப்பீடு தருக! 1978-இல் பனையை மாநில மரமாக்கினோம். மரத்துக்கு மகுடம், அதில் ஏறுபவனுக்கு விலங்கா?

இளைஞனே! சாக்கேக் கிண்ணத்தை உடைக்கச் சொல்லவில்லை. அதற்கு இட்ட அளவுகோலைக் கலயத்துக்கும் இடச் சொல்கிறோம். பொருளை அளந்து சட்டம் செய்வது பகுத்தறிவு. இறக்கியவன் யாரென்று பார்த்துச் சட்டம் செய்வது மனுநீதி. எது வேண்டும்? உன் ஊர்ப் பனையடியில் நின்று, அண்ணாந்து பார்த்துச் சொல்!