கூடாரம் விற்கிறவர்களுக்கு எங்கள் மழை தெரியவில்லை

வாகனத்தின் கூரைமேல் விரிக்கிற கூடாரம் ஒன்று வாங்க வேண்டும் என்று கடை கடையாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை பேர் படுக்கலாம், என்ன நிறங்களில் வருகிறது, உள்ளே விளக்கு இருக்கிறதா, ஏணிப் பக்கம் செருப்பு வைக்கப் பை தொங்குகிறதா என்பதையெல்லாம் கேட்காமலே சொல்கிறார்கள். இரத்தினபுரி மழையில் இரவு முழுக்க நின்றால் உள்ளே ஒழுகுமா என்று கேட்டால் மட்டும் "வாட்டர்ப்ரூஃப்தான் சேர்" என்ற ஒற்றைப் பதில். என் வாகனத்தின் கூரை அந்தப் பாரத்தைத் தாங்குமா என்றால், "எல்லாரும் போடுறாங்களே" என்கிறார்கள். நான் கேட்பது இந்த இரண்டே கேள்விகள். பல லட்சம் ரூபாய் கொடுக்கப் போகிறவனுக்கு இந்த இரண்டுக்கும் ஒழுங்கான பதில் சொல்ல ஒருவருமில்லை என்பது எரிச்சலாக இருக்கிறது.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. பெல்மதுளை, எம்பிலிப்பிட்டிய வழியாகச் சில மணி நேரம் ஓடி அம்பாந்தோட்டைக்குப் போனால் அங்கே ஆயிரம் சொச்சம்தான். ஒரே தீவு, ஒரே பாதை, மழை மூன்று மடங்கு வித்தியாசம். ஆனால் கடைக்காரர் காட்டும் படங்களில் செம்மண் பாலைவனம், காய்ந்த புல்வெளி, தூரத்தில் ஒட்டகச்சிவிங்கி.  இந்த வகைக் கூடாரம் 1958இல் இத்தாலியில் மஜ்ஜோலினா என்ற பெயரில் வந்தது. பிறகு ஆப்பிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பரவியது. தரையில் சிங்கமும் பாம்பும் நடமாடுகிற வறண்ட தேசத்தில் மேலே ஏறிப் படுப்பது நல்ல யோசனைதான். எங்களுக்கும் அது நல்ல யோசனையே. சப்ரகமுவவில் தரையில் கூடாரம் அடித்தவர்களுக்குத் தெரியும், அட்டை எந்தச் சந்து வழியாக உள்ளே வருமென்று. றப்பர் மலையில் சருகுக்கு அடியில் விரியன் கிடக்கும். வைகாசியில் மழை பிடித்துவிட்டால் புரட்டாசி வரை நிலம் காயாது. ஆகவே கூரைக்கு மேலே போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மேலே போன பிறகு எங்கள் மழைக்கு அங்கே என்ன ஏற்பாடு என்பதுதான் கேள்வி.

துணியின் நீர்த்தாங்கும் திறனை மில்லிமீற்றரில் சொல்வார்கள். துணிமேல் நீரைக் குழாய்போல உயர்த்திக்கொண்டே போனால் எத்தனை மில்லிமீற்றர் உயரத்தில் கசியத் தொடங்குகிறது என்பது அந்தக் கணக்கு. 2,000, 3,000 என்று அட்டையில் அச்சடித்திருக்கும். அது துணிக்கான எண். தையலுக்கும் சிப்புக்கும் அந்த எண் பொருந்தாது. தண்ணீர் உள்ளே வருவதோ பெரும்பாலும் தையல் ஓட்டை வழியாகத்தான். தையலின் உட்புறம் நாடா ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை நான் கேட்டுத்தான் ஒரு கடையில் கூடாரத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். பாதியில் நாடா இருந்தது, மூலைகளில் இல்லை. மூலைகளில்தான் மழை நிற்கும்.

அடுத்தது காற்று. எங்கள் ஊரில் மழை இரவிலும் புழுக்கம் போகாது. ஜன்னலை மூடினால் உள்ளே இரண்டு மூன்று பேர் விடுகிற மூச்சே துணியின் உட்பக்கம் வியர்த்து மெத்தையில் சொட்டும். ஒழுகுகிறது என்று நினைத்துக்கொள்வோம், உண்மையில் அது நம் மூச்சு. அதனால் மேல்விரிப்பு உள்துணியைத் தொடாமல் விலகி நிற்க வேண்டும். ஜன்னலுக்கு மேலே அது நன்றாக நீண்டு வந்து, கொட்டுகிற மழையிலும் ஜன்னலைத் திறந்து வைக்கும்படி இருக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் காற்றோட்டத்துக்கு ஒரு வலைவிரிப்பு வேண்டும். இதெல்லாம் உலகத்தில் இல்லாத சாமான்கள் அல்ல. இங்கே கொண்டுவருகிறவர்கள் விலை குறைந்ததாகப் பார்த்து அவற்றை விட்டுவிட்டு வருகிறார்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை காயவைப்பது. பருத்தி கலந்த கான்வாஸ் துணி மூச்சு விடும். நனைந்தால் நூல் பருத்து ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். உள்ளே படுக்க அதுவே நல்லது. ஆனால் நனைந்தால் பாரம் ஏறும், ஈரத்தோடு மடித்துவைத்தால் இரண்டே நாளில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். பொலியஸ்டர் துணி சீக்கிரம் காயும். அதன் உட்பூச்சோ வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் சில வருடங்களில் சிதைந்து, பிசுபிசுத்து, நாற்றம் எடுக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடம் என்றால் அது எங்கள் சப்ரகமுவதான். றப்பர் ஷீட்டைப் புகைக்கூடத்தில் தொங்கவிடுவதுபோலக் கூடாரத்தைத் தொங்கவிட முடியாது. அது வாகனத்தோடு போல்ட் பூட்டியிருக்கும். காயவைக்க வேண்டுமென்றால் வாகனத்தை வெயிலில் நிறுத்தி விரித்து வைக்க வேண்டும். ஆடி மாதத்தில் எட்டியாந்தோட்டையில் எனக்கு வெயிலைக் காட்டட்டும்.

வாகனத்துக்கும் வேறு வேலை இருக்கிறது. எங்களுடையது பழைய டொல்பின் வேன். கிழமை நாட்களில் தம்பி அதில் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றி டவுன் பாடசாலையில் விடுகிறான். வீட்டுச் சாப்பாடு அதில்தான் வருகிறது. சனி ஞாயிறும் பள்ளி விடுமுறையும்தான் எங்களுக்கு. கடைக்காரர்கள் இதை யோசிப்பதே இல்லை. அவர்கள் மனதில் இருப்பது கொழும்பில் ஒரு ஜீப்பும், அதை நிறுத்த ஒரு மூடிய கராஜும், வார இறுதிக்கென்றே வைத்திருக்கிற இன்னொரு வாகனமும். அறுபது கிலோ கூடாரத்தை ஞாயிறு இரவு இறக்க மூன்று பேர் வேண்டும். இறக்காமல் விட்டால் திங்கட்கிழமை காலை அந்தப் பாரம் பிள்ளைகளின் தலைக்கு மேலேயே போகும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஏனென்றால் கூரைப் பாரம் விளையாட்டு இல்லை. நிற்கிற வாகனத்தின் கூரை தாங்குகிற பாரம் வேறு, ஓடுகிற வாகனம் தாங்குகிற பாரம் வேறு. நிற்கும்போது நாலு பேர் ஏறிப் படுத்தாலும் தாங்கும். ஓடும்போது திருப்பத்திலும் பிரேக்கிலும் பள்ளத்திலும் அந்தப் பாரம் இழுக்கிற இழுப்பு பல மடங்கு. அதனால்தான் தயாரிப்பாளர்கள் ஓட்டத்துக்கென்று தனி எல்லை போடுகிறார்கள். சிறிய கார்கள் பலவற்றில் அது 50 கிலோ அளவுதான். அதில் குறுக்குச் சட்டத்தின் பாரமும் சேர்த்தி. கூடாரம் 60 கிலோ, சட்டம் ஒரு பத்துக் கிலோ, மழையில் ஊறிய துணி இன்னும் கொஞ்சம். பலாங்கொடையிலிருந்து ஹல்துமுல்லைப் பக்கம் ஏறுகிற பாதையையோ, எட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கல தாண்டி கினிகத்தேனைக்கு ஏறுகிற பாதையையோ ஓட்டியவர்களுக்கு, உயரத்தில் இருக்கிற பாரம் திருப்பத்தில் என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த எல்லை வாகனத்தின் கையேட்டில் இருக்கும். எங்கள் ஊரில் ஓடுவதில் பெரும்பகுதி ஜப்பானில் ஓடி முடிந்து வந்த வாகனம். கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும், பல வாகனங்களுக்கு அதுவும் இருக்காது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் மறுபடி திறந்தார்கள். அதனால் இருபது, முப்பது வயது வாகனங்களை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் வடிகிற கூரைவிளிம்பு எத்தனை தடவை துருப்பிடித்து, சுரண்டி, புட்டி வைத்துப் பெயின்ட் அடிக்கப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? சட்டத்தைப் பூட்டுவது அந்த விளிம்பில்தான். டவுனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் மட்டும் விளிம்பை முழுக்கத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, முன்னுக்கு சரி, பின்னுக்கு ரெண்டு எடத்துல தகரம் மெலிஞ்சிருக்கு. இப்ப போடாதீங்க, வெட்டி ஒட்டிட்டுப் போடுவோம்" என்றார். கூடாரம் விற்கிறவர்களில் ஒருவர்கூட வேனின் விளிம்பை எட்டிப் பார்க்கவில்லை.

ஏணியும் இதே கதைதான். ஜீப்பின் உயரத்துக்கு வெட்டிய ஏணியை, கிட்டத்தட்ட இரண்டு மீற்றர் உயர வேனுக்கு, அதற்கு மேலே சட்டத்துக்கு, அதற்கும் மேலே கூடாரத் தட்டுக்குச் சாத்தினால் செங்குத்தாக நிற்கும். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. நாற்பது வருடம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய முழங்கால். அவர் கீழே வேன் சீட்டை மடித்துப் படுத்துக்கொள்வார் என்று நாங்களே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஆனால் நடுராத்திரி மழையில் பிள்ளைகள் இறங்குவார்களே, அவர்களுக்காகவாவது நீளமான ஏணி வேண்டும். "எக்ஸ்ட்ராவா ஓடர் பண்ணணும் சேர்" என்கிறார்கள், அதுவும் தனி விலைக்கு.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு திரியும்போது சொந்தக்காரர்கள் பேசுவது இன்னொரு பக்கம். "லயத்துலதானே பொறந்த, ஒனக்கு எதுக்குடா டென்டு?" என்று மாமா ஒருவர் கேட்டார். அவரைக் கோபிக்க முடியவில்லை. எங்கள் ஆட்கள் கூடாரத்தில் படுத்தது பெரும்பாலும் மண்சரிவுக்குப் பிறகுதான். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுப்பிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்தின்மேலும் மண் வந்து விழுந்தது. உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் கிடந்தார்கள். அந்த நினைப்போடு கேட்கிறவருக்குக் கூடாரம் என்றாலே இழப்பின் அடையாளம்தான். ஆனால் நான் கேட்பது நாங்களே தேர்ந்தெடுத்துப் போகிற ஒரு பயணம். கதிர்காமத்துத் திருவிழாக் காலத்தில் அறை வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மார்கழி தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாத மலைக்குப் பலாபத்தல பக்கமிருந்தும் எரத்ன பக்கமிருந்தும் சனம் ஏறுகிறது. திருக்கோணேஸ்வரத்தை அம்மா இன்னும் பார்த்ததில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்கள் தேயிலை மலையின் ஓரத்தில் வண்டியை நிறுத்திக் காட்சி பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த மலையிலேயே வளர்ந்தவர்கள் மற்ற ஊர்களுக்குப் போய் ஒரு இரவு தங்கிப் பார்க்க நினைப்பதில் என்ன ஆச்சரியம்?

எங்கே நிறுத்துவது என்பதிலும் விற்கிறவர்களுக்குப் பொறுப்பு வேண்டும். விளம்பரத்தில் ஆற்றங்கரையில், மலை விளிம்பில் கூடாரம் விரித்திருக்கிறார்கள். களனி ஆறு கித்துல்கலவில் வெயில் நாளிலும் ஏறும். மேலே அணைக்கட்டின் வான்கதவைத் திறந்தால் போதும். வெட்டிய மண்மேட்டுக்கு அடியில் சமதளமாக இருக்கிறதே என்று வண்டியை நிறுத்துகிறவர்களைப் பெலிஹுல்ஓயா பாதையில் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிற கணக்கு எங்கள் தோட்டத்துச் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனமாக இரு, 100 என்றால் புறப்பட ஆயத்தமாகு, 150 தாண்டினால் இடத்தை விட்டுப் போ. மரம் சரிகிறதா, சுவரில் வெடிப்பு விரிகிறதா, ஊற்று திடீரென்று கலங்குகிறதா என்று பார்ப்பதும் இங்கே பழக்கம். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரமானால் மேல், சப்ரகமுவ மாகாணங்களுக்கு இடி மின்னல் என்று வானிலை அறிக்கை சொல்லாத நாள் குறைவு. மின்னல் வெட்டும்போது அலுமினிய ஏணி சாத்திய கூடாரத்துக்குள் படுத்திருக்கக் கூடாது, இறங்கி வண்டிக்குள் போய்க் கதவை மூடிக்கொள்ள வேண்டும். இதை எழுதி உள்ளே ஒட்ட எவ்வளவு செலவாகும்? விளக்கு வைத்துக் கொடுக்கிறீர்கள், செருப்புப் பை வைத்துக் கொடுக்கிறீர்கள், உயிரைக் காக்கிற இரண்டு வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்துத் தர ஏன் முடியவில்லை?

நானாகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மேலே மடிகிற துணிக்கூடாரம் எங்களுக்குச் சரிவராது. அதன் மேலுறை மடிப்பில் தண்ணீர் தேங்கும், ஓடும்போது சாரல் அடியில் புகும். அலுமினிய மூடியுள்ள, ஒரு பக்கம் உயர்கிற வகைதான் மழைக்குப் பொருந்தும். மழையில் விரிக்கவும் மடக்கவும் நேரம் ஆகாது, மேலே தண்ணீர் நிற்காது. இருவர் படுக்கிற அகலம் போதும். பாரம் கூட என்றாலும் இரண்டு பேரும் ஒரு கப்பியும் இருந்தால் இறக்கிவைக்கிற அளவில் இருக்க வேண்டும். வேனின் பின்விளிம்பு வெட்டி ஒட்டப்படும் வரை எதுவும் வாங்குவதாக இல்லை.

அதற்குள் விற்கிறவர்களில் யாராவது ஒருவர், கூரைக்குச் சட்டத்தோடு சேர்த்து மொத்தம் எத்தனை கிலோ என்று பற்றுச்சீட்டில் எழுதித் தரட்டும். ஒரு கூடாரத்தைக் கடைக்குள் விரித்து வைப்பதற்குப் பதிலாக, வைகாசியில் இரத்தினபுரி டவுனில் ஒரு இரவு வெளியே நிறுத்திவைத்து, காலையில் மெத்தையைத் தொட்டுப் பார்க்க எங்களைக் கூப்பிடட்டும். மெத்தை காய்ந்திருந்தால் அன்றைக்கே முற்பணம் கட்டிவிடுகிறேன்.