செவியால் செய்யும் உதவி

உதவி என்றவுடன் பொருளுதவியே பலருடைய நினைவுக்கு வருகின்றது. பசித்தவர்க்குச் சோறும், பிணியுற்றவர்க்கு மருந்தும் அளித்தல் பேரறமே. ஆயினும், வாழ்வை வெறுத்து உயிரையே சுமையாக எண்ணும் ஒருவருக்கு முதற்கண் வேண்டுவது, தம் துயரைப் பொறுமையுடன் கேட்கும் செவியே ஆகும். அவ்வுதவியைச் செய்யச் செல்வம் வேண்டுவதில்லை. மாணவராகிய நீங்களும் அதனைச் செய்யலாம்.

இதற்கு ஒரு சான்று காண்போம். 1953-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் சாட் வாரா என்னும் கிறித்தவ சமயகுரு, தற்கொலை எண்ணத்தால் வருந்துவோர் தம்மிடம் நேரிலோ தொலைபேசி வாயிலாகவோ பேசலாம் என்று அறிவித்தார். பலர் வந்தனர். அவரைக் காணக் காத்திருந்தோர்க்குத் தேநீர் அளித்து உடனிருக்கத் தொண்டர் சிலர் முன்வந்தனர். வந்தவர் பலர் அத்தொண்டரிடம் மனம்விட்டுப் பேசியே ஆறுதல் பெற்று, குருவைக் காணாமலே திரும்பினர். இதனை உணர்ந்த அவர், மறு ஆண்டே அப்பணியைத் தொண்டரிடம் ஒப்படைத்தார். 'சமாரிட்டன்ஸ்' என்னும் அமைப்பு இவ்வாறு வளர்ந்தது. சென்னையில் 1986-இல் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் நிறுவிய 'சினேகா'வும் தொண்டர்களைக் கொண்டே இயங்குகின்றது.

இத்தகைய துயரை அறிவது எங்ஙனம்? வேரின் நோயை இலை காட்டும். கலகலப்பாக இருந்தவர் ஒதுங்கியிருத்தல், உணவும் உறக்கமும் குறைதல், கல்வியிலும் விளையாட்டிலும் நாட்டம் இழத்தல், 'நான் யாவர்க்கும் பாரம்' என்று கூறுதல், அருமையாகப் போற்றிய பொருள்களைப் பிறர்க்கு வழங்கி விடைபெறுவார்போலப் பேசுதல் ஆகியன குறிப்புகளாம். இவற்றுள் ஒன்றைக் கண்ட அளவிலே முடிவு செய்தல் கூடாது. காணாதார்போலக் கடந்து செல்லுதலும் கூடாது.

'சாவேன் என்பவர் சாகார்' என்று கூறி, குரைக்கின்ற நாய் கடிக்காது என்னும் பழமொழியை இங்கே பொருத்துவாரும் உளர். இது பெரும்பிழை. தற்கொலையால் இறந்தோருள் பலர், முன்னரே அவ்வெண்ணத்தை எவ்வகையிலேனும் புலப்படுத்தியுள்ளனர். 'நாம் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகாதா?' என்று அஞ்சுவாரும் உளர். அங்ஙனம் ஆகாது என்பதே மருத்துவ அறிஞர் கண்ட முடிவு. ஆதலின், 'உயிரை விடும் எண்ணம் உண்டா?' என்று அன்புடன் நேராகவே கேட்கலாம். கேட்டபின் அவரைப் பேசவிடுங்கள். 'இதற்கா அழுகிறாய்?' என்று இகழாதீர்கள், கோழை என்று பழியாதீர்கள், அறவுரையும் தொடங்காதீர்கள். சட்டமும் இன்று இரக்கத்துடனே நோக்குகின்றது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் எனக் கொண்டு, அவரைத் தண்டித்தல் ஆகாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம்.

'யாரிடமும் சொல்லாதே' என்று நண்பர் உறுதி கேட்கலாம். மறைபொருள் காத்தல் நட்பின் இலக்கணமே. ஆனால், மறையைக் காத்து நண்பரை இழப்பது நட்பாகுமா? ஆடை நழுவுங்கால் கை தானே விரைந்து அதனைப் பற்றுகின்றது. எவருடைய இசைவையும் கேட்டு நிற்பதில்லை. வள்ளுவர் நட்புக்கு உவமையாகக் கொண்டது இக்கையையே அன்றோ? எனவே, பெற்றோர்க்கோ ஆசிரியர்க்கோ உடனே அறிவியுங்கள். அவர்கள் வரும்வரை நண்பரைத் தனியே விடாதீர்கள். 14416 என்னும் அரசின் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி உதவி பெறலாம். நண்பர் உங்களைச் சினந்தால் சினக்கட்டும். உயிரோடு இருப்பவரின் சினம் ஒருநாள் ஆறிவிடும்.

மாணவர்களே! அவ்வெண்ணம் உங்களுக்கே தோன்றினும் நெஞ்சில் பூட்டி வைக்காதீர்கள். நம்பத்தக்க ஒருவரிடம் அன்றே கூறுங்கள். தேர்வில் தோல்வி, வீட்டில் பூசல், பிறர் ஏளனம் ஆகிய எவையும் என்றும் ஒரே நிலையில் நிற்பனவல்ல. துயரைச் சொல்லுதல் இழிவன்று. அதனைக் கேட்டு உடனிருத்தல் மாந்தர் யாவர்க்கும் கடமையாகும்.