பிறந்த நாள் ஒரு பூட்டாகுமா?

விஞ்ஞானம் வளர வளர, வீட்டுக் கதவுக்கு மட்டுமன்றி எழுத்துக்கும் எண்ணுக்கும்கூடப் பூட்டுப் போட வேண்டிய காலம் வந்துவிட்டது. அந்தப் பூட்டின் சாவிக்குக் கடவுச்சொல் என்று பெயர். 1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக் கூடத்தில் ஒரே கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுக் கொண்டபோது, ஒருவருடைய கோப்பை மற்றவர் திறவாதிருக்க இம்முறையைக் கையாண்டனர். அடுத்த ஆண்டிலேயே அங்கிருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கடவுச்சொற்கள் அனைத்தையும் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டாராம்! ஆகவே பூட்டு இருந்தால் மட்டும் போதாது. அது நல்ல பூட்டாகவும் இருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய எங்களுக்கு இது எங்கோ நடக்கும் செய்தியன்று. தமிழ்நாட்டில் பொதுத் தேர்வு முடிவுகள் இணையதளத்தில் வெளியாகின்றன. 2025 ஆம் ஆண்டில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினர். மதிப்பெண்களைக் காண இரண்டு விவரங்கள் போதும்: ஒன்று தேர்வு எண், மற்றொன்று பிறந்த தேதி.

இவை இரகசியமா என்று எண்ணிப் பாருங்கள். தேர்வு எண்கள் வரிசையாக வருபவை. நம் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்த பெஞ்சுத் தோழியின் எண் கிடைத்துவிடும். பிறந்த நாளோ, புது உடை உடுத்தி வகுப்பு முழுவதற்கும் மிட்டாய் வழங்கி நாமே அறிவிக்கும் நாளாயிற்றே! ஊரறிந்த ஒன்று எப்படிச் சாவியாகும்?

"மதிப்பெண்ணைப் பிறர் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?" என்று சில பெரியோர் கேட்கலாம். முற்காலத்தில் செய்தித்தாளில் தேறியவர்களின் எண்கள் மட்டுமே வெளிவந்தன. இன்று ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணும் தெரிந்துவிடுகிறது. எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். கணக்கில் 36 வாங்கிய பெண் அதைத் தன் தாயிடம் சொல்ல வாய்திறக்கும் முன்பே, கொழுந்து பறிக்கும் இடத்தில் அந்தத் தாயின் காதுக்குச் செய்தி எட்டிவிட்டால் அவள் மனம் என்ன பாடுபடும்? மன அழுத்தத்தைக் குறைக்கவே 2017 ஆம் ஆண்டில் நம் அரசு மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என அறிவிப்பதை நிறுத்தியது. முதலிடம் பெற்றவளுக்குக் காட்டிய அந்த அக்கறை, கடைசி வரிசைப் பெண்ணுக்கும் வேண்டாமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்ததும் அதே 2017 ஆம் ஆண்டில்தான்.

அதற்காகப் பூட்டை மிகக் கடினமாக்குவதும் நியாயமன்று. கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணைக் கேட்கலாம் என்பர். ஆனால் நீலகிரியின் பல சரிவுகளில் சிக்னல் கிடைப்பதே அரிது. சில வீடுகளில் ஒரே கைப்பேசி. அதுவும் வேலைக்குச் சென்ற தந்தையின் சட்டைப் பையில். அத்தகைய வீட்டுப் பெண் தன் மதிப்பெண்ணைத் தானே காண முடியாமல் வெளியே நிற்பாள். திருடனைத் தடுக்கப் போட்ட பூட்டு வீட்டுக்காரரைத் தடுக்கலாமா?

எங்கள் எண்ணம் எளியது. ஹால் டிக்கெட்டில் ஒவ்வொரு மாணவிக்கும் வெவ்வேறாக ஆறு இலக்க இரகசிய எண் ஒன்றை அச்சிட்டுத் தரலாம். பிறந்த தேதிக்குப் பதில் அதைக் கேட்கலாம். அதற்குச் சிக்னல் வேண்டாம், சொந்தக் கைப்பேசியும் வேண்டாம். பிரவுசிங் சென்டருக்குச் செல்பவரும் தாளைப் பார்த்து எண்ணைத் தட்டலாம். தாளைப் பத்திரமாக வைத்திருப்பது மட்டுமே நம் பொறுப்பு.

அந்த நாள் வரும்வரை நம் கையிலும் ஒரு பூட்டு உண்டு. அது நம் மனச்சாட்சி. அன்புத் தோழியரே, பிறர் எண்ணைத் தட்டிப் பார்க்கக் கை துடிக்கும்போது அதை அடக்குவோம். பெற்றோரே, "அவள் எவ்வளவு?" என்று கேட்குமுன் சற்றுப் பொறுங்கள். தோழியின் மதிப்பெண்ணை அவள் வாயால் கேட்டு, மகிழ்ந்தால் உடன் மகிழ்ந்து, அழுதால் தோள் கொடுப்போம். அவள் பிறந்த நாள் நமக்கு வாழ்த்துச் சொல்லவே தெரிந்திருக்கட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி